கிராணி அங்கிளின் புத்தகமும் எங்கள் பெர்மிட்டும்

"நீங்கள் இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறீர்கள் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை."

இந்தக் கடிதம் என் கைப்பேசியில் வந்து விழுந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் கணவர் ஸ்டீவன் என் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்து, என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. சமையலறையிலிருந்து என் மாமியார்தான் முதலில் பேசினார்.

"சேந்து வாழலியாமா? அப்ப இந்த வீட்ல தெனம் காலையில கத்திக்கிறது யாரு, பக்கத்து லயத்துக் கோழியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அன்பான சபையாரே, சாட்சி சொல்ல பாஸ்டர் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார். ஐந்து நிமிடத்தில் நான் என் பெயரைக்கூடச் சொல்லி முடிக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

நான் ஜெனி. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் பிறந்து, ஸ்டீவனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். படித்தது மண்ணியல். பார்த்த வேலை, கம்போங் ராஜாவில் ஒரு ஸ்ட்ராபெரி பண்ணையில் சுற்றுலாக்காரர்களுக்குக் கத்தரிக்கோலும் கூடையும் எடுத்துக் கொடுப்பது. லெம்பா பெர்த்தாம் பக்கம் போகும்போதெல்லாம், ஒவ்வொரு மழைக்கும் காய்கறித் தோட்டத்து மண் கரைந்து ரோட்டில் இறங்கி ஓடுவதைப் பார்த்து எனக்குக் கை அரிக்கும். இந்த மண்ணை மலையிலேயே பிடித்து வைப்பது எப்படி என்று படிக்க வேண்டும். அந்தப் படிப்பு நியூசிலாந்தில் இருந்தது. விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் மாமியார் குழாயைத் திறந்துவிட்டதை மறந்துபோக, தொட்டி வழிந்தது.

முதுகலை படிக்கப் போகிறவளின் கணவனுக்கும் அங்கே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். ஸ்டீவன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்து உருட்டும் இயந்திரம் இருமினால், எந்த போல்ட் தளர்ந்தது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லுவார். பெர்மிட் மட்டும் கிடைத்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். என் மாணவர் விசா முதலிலேயே வந்துவிட்டது. அவருடையதுதான் தொங்கியது. அவர் வராமல் நான் போவதில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது பத்து வேலை நாளுக்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவருக்குப் பெர்மிட் இல்லை. எனக்குப் படிப்பு இல்லை. அல்லது எனக்குப் படிப்பு உண்டு, அவர் இல்லை.

நாங்கள் ஒன்றும் அனுப்பாமல் இல்லை. கல்யாணப் பதிவுச் சான்றிதழ் அனுப்பினோம். அது கல்யாணம் ஆனதைத்தான் காட்டும், ஒரே வீட்டில் இருப்பதைக் காட்டாது. மின்சார பில் கேட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டு பில் இன்னும் என் காலமான மாமனார் பெயருக்கே வருகிறது. என் அடையாள அட்டையில் ரிங்லெட் முகவரி. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். சேர்ந்து எடுத்த படங்கள் கேட்டார்கள். எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் யாராவது ஒருவர் நிற்கிறார். பாதியில் மாமியார், மீதியில் பாஸ்டர். ஒரே ஒரு படத்தில்தான் நடுவில் யாரும் இல்லை. அதில் ஸ்டீவன் கேக் வெட்டுகிற கத்தியோடு என்னைப் பார்க்கிற பார்வையைக் கண்டால் எந்த அதிகாரிக்கும் பயம் வரும்.

எங்களுக்குள் நடந்த வாட்ஸ்அப் பேச்சையும் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தேன். 'உப்பு.' 'சரி.' 'கேஸ் முடிஞ்சிருச்சு.' 'சரி.' 'எங்க?' 'ஃபேக்டரி.' இரண்டு வருட இல்லற வாழ்க்கை ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை, புதிதாகப் படம் எடுப்போம் என்று தேயிலைச் சரிவுக்கு அவரை இழுத்துப் போனேன். மூன்று சட்டை கொண்டு போனோம், மூன்று வெவ்வேறு நாள் மாதிரித் தெரியட்டும் என்று. இது ஏமாற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் அவர் தோளில் தலை சாய்த்தேன். அவர் சுவரில் சாத்தி வைத்த மண்வெட்டி மாதிரி நின்றார். மேல் சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா கத்தினார்: "ஸ்டீவா, பொண்டாட்டிதானே, கரண்டு கம்பி இல்லலா."

வீட்டுக்கு வந்து பார்த்தால், மூன்று சட்டைக்கும் பின்னால் அதே வெள்ளை வேன், அதே இடத்தில், அதே டிரைவர் தூங்கிக்கொண்டு. எல்லாவற்றையும் அழித்தேன்.

அப்போதுதான் ஸ்டீவன் சொன்னார். "அவங்க சொல்றதும் சரிதானோ ஜெனி? நம்மகிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீ போ. நான் இங்க மெஷினப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பத்துச் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். நான் பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, எனக்கு அற்புதமெல்லாம் வேண்டாம். ஒரு தாள் போதும். எங்கள் இரண்டு பேர் பெயரும், ஒரு தேதியும், இந்த வீட்டு நம்பரும் இருக்கிற ஒரு தாள். யாராவது ஒருத்தர் எழுதி வைத்திருக்கக் கூடாதா?"

இதைக் கேட்ட எனக்கே, எழுதி வைக்கிற ஒருத்தர் நம் சபையில் இருப்பது ஞாபகம் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. அந்தப் புத்தகத்தை நான் அவ்வளவு வெறுத்தேன்.

ஞானமுத்து கிராணியைப் பற்றி வெளியூர் விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். முப்பது வருடம் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, எடை போட்ட கொழுந்தை ஏட்டில் பதிந்தவர். ஓய்வு கிடைத்தது, கை ஓயவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும் புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு அவரைச் செயலாளராகப் போட்டார்கள். கொழுந்துக்கு எழுதிய மாதிரியே ஜெபத்துக்கும் எழுதினார். தேதி, லயம், வீட்டு நம்பர், கணவன் மனைவி பெயர், வந்தோர் எண்ணிக்கை, ஜெபக்குறிப்பு, தேநீரின் தரம். கடைசியில் 'பதில்' என்று ஒரு கட்டம். கீழே வீட்டார் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் எழுந்து போக மாட்டார்.

நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம், ஒளிவு மறைவில்லாமல் ஜெபக்குறிப்பு சொன்னேன்: கணவர் குறட்டை விடுகிறார், எனக்குத் தூக்கமில்லை. ஆண்டுக் கடைசி ஆராதனையில், அந்த வருடத்து ஜெபங்களுக்குக் கிடைத்த பதில்களை கிராணி அங்கிள் மைக்கில் வாசித்தார். "நாலாம் லயம், பன்னிரண்டாம் வீடு. குறட்டை. பதில் இல்லை." சபை முழுக்கச் சிரித்தது. ஸ்டீவனும் சிரித்தார். அன்றிலிருந்து என் ஜெபக்குறிப்பு எல்லா மாதமும் ஒன்றுதான்: உலக சமாதானம்.

கடிதம் வந்த அடுத்த வாரப் புதன்கிழமை எங்கள் வீட்டு முறை. தள்ளிப் போடலாம் என்றேன். மாமியார், "கெரிபாப்புக்குக் கெழங்கு அவிச்சாச்சு" என்று பலகாரத்தைக் காட்டி முடித்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். கிராணி அங்கிள் பேனா மூடியைக் கழற்றி, "என்னம்மா ஜெனி, இந்த மாசமும் உலக சமாதானமா?" என்றார்.

"இல்ல அங்கிள். பெர்மிட்டு." எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். ஒரு வரியும் விடாமல் எழுதிக்கொண்டார்.

"கெடு எத்தன நாளு?"

"இன்னும் நாலு நாளு அங்கிள்."

"சரி. போன தடவ இங்க எத்தன பேரு வந்தாங்கன்னு பாத்துட்டு மேல எழுதுறேன், இரு." எச்சில் தொட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார்.

அவர் கட்டைவிரலுக்குக் கீழே பார்த்தேன். நாலாம் லயம், 12. ஸ்டீவன், ஜெனி. இன்னும் நாலைந்து பக்கம் தள்ளி, நாலாம் லயம், 12. ஸ்டீவன், ஜெனி. தேதி. வீட்டு நம்பர். என் கையெழுத்து. ஸ்டீவன் கையெழுத்து.

புத்தகத்தைப் பிடுங்கினேன்.

"ஏய், பிடுங்காதம்மா, மை காயல."

பாஸ்டர் ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் ஸ்டீவனும் மூடவில்லை. புத்தகத்தை மடியில் விரித்து எங்கள் கல்யாண வாழ்க்கையை முதல் தடவையாக வாசித்தோம். இருபத்து மூன்று தடவை எங்கள் வீட்டில் ஜெபம் நடந்திருக்கிறது. 'மனைவிக்கு நேர்முகத் தேர்வு. கணவன் லீவு போட்டுக் கூடப் போகிறான். பாதுகாப்புக்காக.' 'கணவன் கையில் தீக்காயம். மனைவி ஊட்டிவிடுகிறாள்.' இதை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. 'உலக சமாதானம் (வீட்டில் சண்டை என்று தெரிகிறது).' 'தேநீர் சுமார்.' 'தேநீர் மிகச் சுமார். புதுப்பெண் போட்டது.'

நான் ஒரு தாள் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினாலாம் பக்கத்தைக் கண்டதும் சட்டென்று மூடப் பார்த்தேன். சபையாருக்கு நம் மலைக் குளிர் தெரியும். துணி காய மூன்று நாள் ஆகும். என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வேலைக்குப் போட்டுப் போகிற சாக்ஸைத் துவைத்து, சோறு சூடாக இருக்கும் ரைஸ் குக்கரின் மூடிமேல் விரித்துக் காய வைப்பார். ஒரு நாள் நான் தாங்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வாரம் கிராணி அங்கிள் எழுதியது: 'சோற்றுப் பானைமேல் காலுறை. மனைவி தாயார் வீட்டில். சமாதானம் வேண்டும்.' பதில் கட்டத்தில்: 'நாலாம் நாள் திரும்பினாள். கிடைத்தது.'

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் இருவரும் எப்போதாவது பிரிந்து வாழ்ந்ததுண்டா? நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அம்மா வீட்டுக்குப் போவதை நம்மில் யார் பிரிவு என்று சொல்லுவார்கள்?

கூட்டம் முடிந்து கெரிபாப் சுற்றி வந்தபோது கிராணி அங்கிளிடம் மெதுவாகக் கேட்டேன். "அங்கிள், இந்த ஒரு பக்கத்த மட்டும் விட்டுட்டுக் காப்பி எடுத்துக்கவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மழையில கொழுந்தே வராத நாள்லகூட 'வரவில்லை'ன்னு எழுதியிருக்கேன், பக்கத்த விட்டதில்ல. புஸ்தகம் வேணும்னா முழுசா எடுத்துட்டுப் போ. பாதி வேணும்னா என்கிட்ட இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாள்தான் இருக்கிறது, இந்த மனிதருக்கு இப்போதா கணக்குச் சுத்தம் என்று. ஸ்டீவனைப் பார்த்தேன், அவராவது என் பக்கம் பேசுவார் என்று.

"அனுப்பு ஜெனி," என்றார். "அந்த நாலு நாள்லதான் நீ இல்லாட்டி நான் என்னா ஆவேன்னு தெரிஞ்சிச்சு. சோறும் வேகல, சாக்ஸும் காயல."

எங்கள் வாட்ஸ்அப்பில் இல்லாத ஒரு வாக்கியத்தை என் கணவர் பதினொரு பேர் முன்னால் சொன்னார். மறுநாள் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். 'இல்லை' என்று எழுதியது என் தவறு. எங்களில் கோபித்துக்கொண்டு தாய் வீடு போகிறவள் திரும்பி வரப் போகிறவள். பிரியப் போகிறவள் துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு போவாள். நான் பல் விளக்கும் பிரஷைக்கூட எடுக்கவில்லை.

புத்தகத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், அதுவும் அங்கீகாரம் பெற்றவர் பெயர்க்க வேண்டும். ஈப்போவில் அப்படி ஓர் அம்மாவுக்குப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் கூப்பிட்டார்.

"பாப்பா, 'தேநீர் சுமார்'னு இருக்கே. அதையும் பெயர்க்கணுமா?"

"எல்லாத்தையும் ஆண்ட்டி."

"சாக்ஸையுமா?"

"சாக்ஸையும்."

"சரிம்மா. நான் முருகன்கிட்ட சொல்லி வைக்கிறேன். நீங்க உங்க சாமிகிட்ட விடாம சொல்லுங்க."

கடைசி நாள் மத்தியானம் எல்லாவற்றையும் அனுப்பினோம். அனுப்பும் முன் பாஸ்டரம்மா எண்ணெய்க் குப்பியோடு வந்து, லேப்டாப்புக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்றார். விசைப்பலகை மேல் நான் படுத்துவிட்டேன். மூடிமேல் பூச இடம் கொடுத்தேன். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, பண்ணையில் நான் கத்தரிக்கோல் எண்ணிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. குடிநுழைவு அதிகாரி, ஒரு பெண். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். என்னிடம் பேசி முடித்த கையோடு என் கணவரிடம் பேசப் போவதாகவும், நடுவில் நான் அவரைக் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னார். கட்டிலில் யார் எந்தப் பக்கம், காலையில் யார் முதலில் எழுவது, மாமியாருக்கு என்ன மருந்து, எல்லாம் கேட்டார். சொன்னேன். கடைசியாக, "அந்தப் பதிவேட்டில் காலுறை விவகாரம் ஒன்று இருந்தது. உங்கள் கணவர் இப்போது எங்கே காய வைக்கிறார்?" என்றார்.

சபையாரே, அந்த ஒரு விநாடியில் எனக்குச் சாத்தான் எத்தனை பதில் சொல்லிக் கொடுத்தான் தெரியுமா? ஜெபித்தோம், அவர் திருந்திவிட்டார், இப்போது கொடியில்தான் போடுகிறார் என்றால் எவ்வளவு அழகான சாட்சி. ஆனால் கிராணி அங்கிள் கண்ணாடியைக் கழற்றுவது கண் முன்னால் வந்தது.

"இன்று காலையும் அங்கேதான் மேடம்," என்றேன். "தயவு செய்து நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள்."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். கத்தரிக்கோல் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

அந்தப் பக்கம் ஸ்டீவன் தொழிற்சாலையில் இருந்தார். இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பதில் சொன்னதால், மொத்தத் தொழிற்சாலையும் அந்த நேர்காணலுக்குச் சாட்சி. சாயங்காலம் எனக்கு ஏழு பேர் ஏழு விதமாக நடித்துக் காட்டினார்கள். எல்லோர் நடிப்பிலும் ஒரே வசனம்.

"ரைஸ் குக்கர் மேடம். மூடி மேல. வேற எங்கயும் காயாது மேடம், மூணு நாளா மழை."

உங்கள் மனைவிக்கு அது பிடிக்குமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"பிடிக்காது மேடம். தெனம் ஏசுவா. ஆனா சாக்ஸ் சூடா இருந்தா, அவதான் மொதல்ல எடுத்துப் போட்டுக்குவா."

உண்மைதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபக்குறிப்பிலும் சொன்னதில்லை. காலை நேரத்தில் அந்தச் சாக்ஸ் அவ்வளவு சூடாக இருக்கும். ஃபோனுக்கு அந்தப் பக்கம் அதிகாரி சிரித்தது தனக்குக் கேட்டதாக ஸ்டீவன் சொல்கிறார். இயந்திரச் சத்தமாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

எட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, பெர்மிட் வந்தது.

பண்ணையிலிருந்து காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். உருட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்டீவன் அதற்கு அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பூட்ஸிடம் சொன்னேன். "வந்துருச்சுங்க."

பூட்ஸ் அசையவில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடு."

கொடுத்தேன். ஸ்பேனர் திருகுகிற சத்தம் வரவில்லை. வேறு சத்தம்தான் வந்தது. இயந்திரம் நின்றிருந்ததால் நன்றாகக் கேட்டது. நானும் தரையில் உட்கார்ந்து, அந்தப் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

போன புதன்கிழமை கிராணி அங்கிள் எங்கள் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். பெர்மிட் ஜெபத்துக்கு எதிரே 'பதில்' கட்டம் காலியாக இருந்தது. "இத நான் எழுத மாட்டேன். நீ எழுது," என்று பேனாவை நீட்டினார். நிறைய எழுத வேண்டும் என்றுதான் குனிந்தேன். கட்டம் சின்னது. இரண்டு வார்த்தை எழுதினேன்: 'இந்தப் புத்தகம்.' அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் கீழே எழுதினார்: 'தேநீர் நன்று.' இரண்டு வருடத்தில் முதல் தடவை.

உலக சமாதானத்துக்காக இனியும் ஜெபிப்பேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். நீங்களும் ஒளியாதீர்கள். புதன்கிழமை உங்கள் வீட்டு முறை வரும்போது உங்கள் குறட்டையையும், கோபத்தையும், ரைஸ் குக்கரையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். நாம் கேட்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே ஆண்டவர் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார் என்று நம்புங்கள். எனக்கு வைத்திருந்தார், கிராணி அங்கிள் கைப்பட.

வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். நாங்கள் போகிற ஊரில் குளிரும் மழையும் நம் ஊரைவிட அதிகமாம். குறட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை. பெட்டியில் என் புத்தகங்களுக்கு இடம் போதவில்லை, ஏனென்றால் ஸ்டீவன் ரைஸ் குக்கரை வைத்துவிட்டார். நான் அதை வெளியே எடுக்கவில்லை. மூடி உடையாமல் இருக்க, சுற்றி அவர் சாக்ஸை வைத்து அடைத்திருக்கிறேன்.